சார்ல்ஸ்டன் போகிறவர்கள் வயலையும் கேட்டுப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஐயா,

ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில், தென் கரோலினா மாநிலத்துப் பழைய பிளான்டேஷன், அதாவது பெரும்பண்ணை, ஒன்றின் படத்துக்குக் கீழே 'மாளிகையும் வேலையாட்கள் குடில்களும்' என்று அச்சாகியிருந்தது. அந்தக் குடில்களில் இருந்தவர்கள் அடிமைகள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள், கடனுக்கு ஈடு வைக்கப்பட்டவர்கள், பாகப்பிரிவினையில் கட்டிலோடும் குதிரையோடும் சேர்த்து எழுதப்பட்டவர்கள். 'சர்வன்ட்ஸ்' என்று மெழுகிச் சொல்வது அங்கேயும் நெடுங்காலம் வழிகாட்டிகளின் வழக்கமாக இருந்தது. இப்போது பொறுப்பாக நடத்தும் இடங்களில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள், 'அடிமையாக்கப்பட்டவர்கள்' என்கிறார்கள். அவர்கள் துடைத்த மெழுக்கை நாம் தமிழில் புதிதாகப் பூச வேண்டாம்.

படக்குறிப்பு மட்டும் என்றால் இரண்டு வரியில் முடித்திருக்கலாம். பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர் என்று நம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கி வருகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிறார்கள். சார்லட்டிலோ ராலேயிலோ அட்லாண்டாவிலோ பிள்ளை வேலை பார்த்தால், ஒரு வாரக்கடைசியில் தென் கரோலினாவின் துறைமுக நகரமான சார்ல்ஸ்டனுக்குப் பயணம் நிச்சயம் உண்டு. திரும்பி வந்து செல்போனில் காட்டுகிற படங்கள் ஓக் மர வரிசை, வெள்ளைத் தூண், பூந்தோட்டம், இவ்வளவுதான். சார்ல்ஸ்டன் சீமையின் செல்வத்தில் பெரும்பங்கு நெல்லில் வந்தது. கொஞ்சம் அவுரியிலும் கடலோரத் தீவுகளில் பருத்தியிலும் வந்தது. கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே போய், நெல்லைப் பார்க்காமல் ரோஜாவைப் பார்த்துவிட்டு வருவது பெரிய நஷ்டம். அமெரிக்கப் பயணிக்கு வழிகாட்டி பத்து நிமிஷம் விளக்க வேண்டியது, மடையும் வரப்பும் தெரிந்த நமக்கு ஒரு பார்வையில் விளங்கும்.

முதலில் எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும். ஊருக்கு வடமேற்கே ஆஷ்லி ஆற்றங்கரைச் சாலையில் டிரேட்டன் ஹால், மக்னோலியா, மிடில்டன் பிளேஸ் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. கூப்பர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் மவுன்ட் பிளசன்ட்டில் பூன் ஹால். நகரத்தை ஒட்டி ஜேம்ஸ் தீவில் மெக்லியோட். வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் ஒரே நாளில் மூன்று பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு இடத்தைச் சரியாகப் பார்க்கக் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களோடு போனால் ஒரு நாளுக்கு ஒரு இடம், மிஞ்சினால் ஒன்றரை.

நெல்லுக்காகப் போனால் மிடில்டன் பிளேஸ். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆர்தர் மிடில்டனின் குடும்பச் சொத்து அது. பெரிய வீட்டை 1865இல், உள்நாட்டுப் போரில், வடக்குப் படை எரித்தது. நின்ற சுவர்களை 1886 பூகம்பம் சாய்த்தது. இன்று மாளிகை என்று காட்டுவது பக்கத்துக் கட்டடம் ஒன்றைத்தான். ஆகவே மாளிகைக்காகப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றம், நமக்கு லாபம். மாதிரி நெல்வயல் இருக்கிறது, ஆற்றோரம் ரைஸ் மில் கட்டடம் இருக்கிறது, தொழுவத்தில் எருமையும் உண்டு. சேற்று வயலில் மாடும் கோவேறு கழுதையும் புதைகின்றன என்று அந்தக் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் துருக்கியிலிருந்து எருமை இறக்கிப் பார்த்தார்கள். நம்மூர் ஆச்சியிடம் கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பாள்.

குடியிருப்புகளுக்காகப் போனால் மக்னோலியாவும் மெக்லியோடும். மக்னோலியாவில் அடிமைக் குடில்களைச் செப்பனிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு காலகட்டத்தைக் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். 1865க்குப் பிறகும் விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் அதே அறைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் குடியிருந்தார்கள் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். மெக்லியோடை மாவட்டப் பூங்காத் துறை 2015இல் திறந்தது. அங்கே பயணத்தின் நடுப்பொருளே குடில் வரிசைதான். மாளிகை இரண்டாம் பட்சம். பூன் ஹாலில் ஓக் மரச்சாலையும் செங்கல் குடில்களும் அழகாக இருக்கும். அந்தச் செங்கல்லும் அடிமைகள் சுட்டதுதான். டிரேட்டன் ஹால் கட்டடக்கலை பிடித்தவர்களுக்கு: உள்ளே மேசை நாற்காலி எதுவும் கிடையாது, மின்விளக்கு போடாமல் 18ஆம் நூற்றாண்டு வீட்டை அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள்.

டிக்கெட் விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். நுழைவுக் கட்டணம் என்று வாங்குவது பெரும்பாலும் தோட்டத்துக்கும் வெளி வளாகத்துக்கும் மட்டும். வீட்டுக்குள் போக, குடில்களுக்குப் போக, டிராம் வண்டியில் பழைய நெல்வயல்களைச் சுற்ற என்று இடத்துக்குத் தக்கபடி தனிச் சீட்டு இருக்கும். சில இடங்களில் ஒன்றிரண்டு சுற்று நுழைவிலேயே அடங்கும். வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அடிமைகளின் வாழ்க்கை பற்றிய வழிகாட்டிச் சுற்று இதில் சேர்த்தியா, இன்று எத்தனை மணிக்கு, எங்கே கூட வேண்டும். இதைக் கேட்காமல் உள்ளே போனால் நடப்பது இதுதான். முதல் இரண்டு மணி நேரம் தோட்டத்தில் போய்விடும், அப்புறம் சாப்பாடு, அதற்குள் கடைசிக் குடில் சுற்று கிளம்பியிருக்கும். ஆகையால் திறக்கும் நேரத்துக்கே போய், குடில் சுற்றை முதலிலும் வயலை இரண்டாவதாகவும் வைத்துக்கொண்டு, தோட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பூ எங்கேயும் போய்விடாது. சார்லட்டிலிருந்து மூன்றரை மணி நேர ஓட்டம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குப் போய்விடலாம். அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும், அங்கேயிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். சனிக்கிழமைகளில் கல்யாணத்துக்கு இந்த இடங்களில் சிலவற்றை வாடகைக்கு விடுவார்கள். பிற்பகலில் ஒரு பகுதியை அடைத்துவிடுவதும் உண்டு. அடிமைக் குடிலுக்கு எதிரே கல்யாணம் வைப்பது சரியா என்று அங்கே பெரிய தர்க்கமே நடக்கிறது. அது தனிக் கதை.

வழிகாட்டிச் சுற்று முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போகும், நின்றுகொண்டே கேட்க வேண்டும். தெற்கத்தி உச்சரிப்பு நம் காதுக்குப் பிடிபட நேரமாகும். அதனால் கூட்டத்தின் முன்னால் நில்லுங்கள். பேரனை மொழிபெயர்க்கச் சொன்னால் வழிகாட்டி பேசும்போதே சொல்லாமல், இடம் மாறும்போது சொல்லச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மாடிப்படி உண்டா என்று முன்னமே கேட்பது நல்லது, இந்த வீடுகளில் பலவற்றுக்கு லிஃப்ட் கிடையாது. வீட்டுக்குள் படம் எடுக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும். கல்லறைப் பகுதியில் குடும்பப் படம் எடுக்க வேண்டாம்; அங்கே புதைக்கப்பட்டவர்களின் வம்சத்தார் இன்றும் வருகிறார்கள்.

இனி நெல். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் அங்கேயும் குளத்துப் பாசனம்தான். சதுப்பு நிலத்தின் மேட்டுப் பக்கம் கரை போட்டு மழைநீரைத் தேக்கி, கீழே வயலுக்கு விட்டார்கள். மானூர்ப் பக்கத்துக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வயல்கள் ஆற்றோரத்துக்கு நகர்ந்தன. அங்கேதான் நாம் பார்த்திராத வித்தை இருக்கிறது. நம் தாமிரபரணி மலையிலிருந்து சரிந்து வருகிறது. அணைக்கட்டில் மறித்துக் கால்வாயில் திருப்பினால் கன்னடியனும் கோடகனும் பாளையங்கால்வாயும் தானாக ஓடும். கரோலினாவின் கடலோரத்தில் சரிவே கிடையாது. ஆனால் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி வற்றும், ஐந்தாறு அடி அளவுக்கு. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது ஒரு மீட்டருக்கும் குறைவு. கரோலினாவில் ஏற்றம் கூடுதலாக இருப்பதால், கடல்நீர் ஆற்றுக்குள் புகும்போது மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்துகிறது. உப்பு எட்டாத, ஆனால் ஏற்றம் எட்டுகிற அந்த ஒரு சில மைல் நீளத்துக்குள்தான் நெல்வயல் போட முடியும். கீழே போனால் உப்பு; மேலே போனால் தண்ணீர் ஏறாது.

வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆள் உயரக் கரை. கரைக்கு அடியில் நீள மரப்பெட்டி புதைத்து, இரண்டு முனையிலும் கதவு வைத்திருப்பார்கள். இதற்கு 'டிரங்க்' என்று பெயர், ஆதியில் குடைந்த மரத்தடியைப் புதைத்ததால் வந்த பெயர் என்பார்கள். நாம் மடை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம் மடையைவிடச் சூட்சுமம் கூடியது. தண்ணீர் வைக்க ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கிவிடுவார்கள். ஏற்றத்தில் வரும் நீர் பெட்டி வழியாகப் பாய்ந்து, வயல் பக்கக் கதவைத் தானே தள்ளித் திறந்து உள்ளே போகும். ஆறு வற்றத் தொடங்கியதும் வயலில் நிற்கும் நீர் அந்தக் கதவை அழுத்தி மூடிக்கொள்ளும். வடிக்க வேண்டுமென்றால் தலைகீழ்: வயல் பக்கக் கதவைத் தூக்கினால், வற்றத்தில் நீர் வெளியேறும், மறுபடி ஏறும்போது ஆற்றுப் பக்கக் கதவு தானாக அடையும். ஆள் நின்று திறக்கவும் மூடவும் வேண்டியதில்லை, கடலே செய்துகொள்ளும். இதைக் கவனிக்கவென்று ஒரு அடிமை இருப்பார், நம் மடைக்காரரைப் போல. நண்டு கரையில் வளை போட்டாலோ, மழை குறைந்து ஆற்றில் உப்பு மேலேறினாலோ, புயலில் கரை உடைந்தாலோ ஒரே இரவில் வெள்ளாமை போய்விடும். வழிகாட்டியிடம் 'டிரங்க்' வேலை செய்வதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால்தான் காட்டுவார்கள், பலர் கேட்பதில்லை.

நடவு கிடையாது. நேரடி விதைப்பு. கால் குதியால் குழி போட்டு, விதை போட்டு, பாதத்தாலேயே மூடுவது மேற்கு ஆப்பிரிக்க முறை, பெண்கள் செய்தார்கள். விதையைக் களிமண் கரைசலில் புரட்டிக் காயவைத்து விதைப்பதும் உண்டு. அப்படிச் செய்யாவிட்டால் தண்ணீர் ஏற்றியதும் விதை மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். அப்புறம் நாலு தண்ணீர். முதலாவது முளைக்கும் வரை. இரண்டாவது, பயிர் ஊசி ஊசியாக எழும்பியதும் சில நாள், புல்லும் பறவையும் அண்டாமல் இருக்க. களைவெட்டுக்குப் பிறகு மூன்றாவது, ஏறத்தாழ மூன்று வாரம் நிற்கும். மறுபடி களை எடுத்துவிட்டுக் கடைசித் தண்ணீர், கதிர் முற்றும் வரை இரண்டு மாதம் போல. பயிர் சாயாமல் தாங்குவதும் அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாத நாட்களில் மண்வெட்டியோடு சேற்றில் நிற்க வேண்டும். வேலை அளவைக் கால் ஏக்கர் கணக்கில் பிரித்திருந்தார்கள், அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 சென்ட் நிலம். முடித்துவிட்டால் மிச்சப் பொழுது தன்னுடையது என்பது ஏற்பாடு. சேற்றுப் பூமியில் 25 சென்ட் கொத்தி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று நம் சம்சாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பயிருக்கு வெளியே, பனிக்காலம் முழுக்க வாய்க்கால் தூர்வாருவதும் கரை அணைப்பதும்தான் ஆளைக் கொன்ற வேலை. கொசுவும் காய்ச்சலும் பெருகும் மாதங்களில் எஜமானர் குடும்பம் நகரத்துக்கோ கடற்கரைக்கோ போய்விடும், வயலில் இருந்தவர்கள் வயலிலேயே இருந்தார்கள்.

பால்பிடிக்கும் பருவத்தில் 'ரைஸ் பேர்ட்' என்ற குருவி கூட்டமாக இறங்கும். விரட்டுவதற்குச் சிறுவர்களையும் கிழவர்களையும் நிறுத்தினார்கள். அறுவடை அரிவாளால்தான். அப்புறம் உரலும் உலக்கையும். அடிமரத்தைக் குடைந்த உரல். உலக்கையின் ஒரு முனை கூர், மறுமுனை மொட்டை. கூர் முனையால் குத்தினால் உமி போகும், மொட்டை முனையால் தவிடு போகும். அரிசி உடைந்து குருணையானால் விலை போகாது. பகலில் வயலில் நின்றுவிட்டு, விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் இந்தக் குத்து வேலை. புடைக்க வட்டமான தட்டைக் கூடை, நம் சுளகுக்கு அக்காள் தங்கை. அந்தக் கூடை பின்னும் கையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இன்றும் மவுன்ட் பிளசன்ட் சாலையோரத்திலும் சார்ல்ஸ்டன் சந்தையிலும் 'ஸ்வீட்கிராஸ்' கூடை என்று விற்கிறார்கள். சின்னதே பல டாலர் ஆகும். ஒரு கூடைக்கு நாள்கணக்கில், பெரியதென்றால் வாரக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. டவுன் ரதவீதியில் பேரம் பேசுகிற மாதிரி அங்கே பேச வேண்டாம்.

நெல் பயிரிடத் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்வியை வழிகாட்டியிடம் கட்டாயம் கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த துரைக்கு நெல் தெரியாது. செனகல், காம்பியா, சியரா லியோன் பக்கத்து ஆற்றுமுகங்களில் கரை போட்டு நெல் விளைவித்தவர்கள் கப்பலில் வந்து இறங்கியபோது, கையோடு அந்த அறிவும் வந்தது. பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வழக்கு உண்டு. ஆனால் விதைப்பும் குத்தலும் புடைத்தலும் அவர்களுடையவை என்பதில் அதிக மறுப்பு இல்லை. நல்ல வழிகாட்டி இந்த வழக்கையும் சேர்த்தே சொல்வார். 'எஜமானர் நல்லவராக இருந்தார்' என்று தொடங்குகிற வழிகாட்டி கிடைத்தால், நேரத்தை வேறு பக்கம் செலவிடலாம்.

1865க்குப் பிறகு அடிமைகள் விடுதலையானதும் வாய்க்கால் சேறு அள்ள ஆள் கிடைக்கவில்லை. 1893, 1911 புயல்கள் கரைகளை உடைத்தன. லூசியானா, அர்க்கன்சாஸ், டெக்சாஸ் பக்கம் கெட்டி நிலத்தில் இயந்திரத்தால் நெல் போட்டார்கள். கரோலினாச் சேற்றில் இயந்திரம் இறங்காது. சாகுபடி நின்றுபோயிற்று. 'கரோலினா கோல்ட்' என்ற பழைய ரகத்தை 1980களில் மறுபடி விதைத்து மீட்டார்கள். உமி பொன்னிறம், அரிசி வெள்ளை. பரிசுக் கடையில் சின்னப் பைகளில் கிடைக்கும்.

வயலில் பயிர் நிற்பதைப் பார்க்க விரும்பினால் ஜூலையிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, ஏறக்குறைய நம் கார் பட்டம். பயணக் கட்டுரைகள் எல்லாம் மார்ச், ஏப்ரல் என்று சொல்வது அசேலியா பூவுக்காக. அப்போது வயல் வெறும் சேறாக இருக்கும். ஆனால் கோடையில் மாலை இடியும் மழையும் உண்டு, புயல் எச்சரிக்கையும் வரலாம். வெயில் நமக்குப் பெரிதில்லை, ஈரப்புழுக்கம்தான் சோர வைக்கும். குளம் குட்டைகளில் முதலை உண்டு. கரையோரம் குனிந்து தண்ணீர் தொடுவது, பேரப்பிள்ளையைப் படம் எடுக்க ஓரத்தில் நிறுத்துவது இரண்டும் வேண்டாம். இருபது கஜத் தூரமாவது விலகி நில்லுங்கள். செருப்புக்குப் பதில் ஷூ. மண்மேடு தெரிந்தால் மிதிக்காதீர்கள், அங்கத்திச் செவ்வெறும்பு கடித்தால் கொப்புளம் நாலு நாள் நிற்கும். கொசு மருந்து கையில் இருக்கட்டும். மரத்தில் தொங்கும் சாம்பல் பாசியை ஞாபகத்துக்கு என்று தரையிலிருந்து எடுத்துப் பையில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் கூட வரும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கத்திய 'ஹாப்பின் ஜான்' என்பது தட்டாம்பயறும் சோறும். 'ரெட் ரைஸ்' என்பது தக்காளிச் சோறு. கீரை வதக்கலும் உண்டு. பெயரைக் கேட்டால் நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும். மூன்றிலும் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் வழக்கமாகச் சமைப்பார்கள். கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். வண்டி நிறுத்தும் இடத்தருகே பெரும்பாலும் மேசை போட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 'அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு கொடுமைக்காரர்கள்' என்று உச்சுக்கொட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் நஞ்சை நிலத்திலும் ஆளை விற்றார்கள், ஒத்தி வைத்தார்கள். அதற்கு ஆளோலை என்று பத்திரமே இருந்தது. இந்தியாவில் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று ஆனது 1843இல். ஆளை அடிமையாக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று ஆனது 1860இன் தண்டனைச் சட்டத்தில். தாமிரபரணிக் கரையில் அந்த ஆட்களுக்கு ஒரு குடில், ஒரு பெயர்ப்பலகை, அரைமணி நேர வழிகாட்டிச் சுற்று எங்காவது உண்டா?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை இதோடு சேர்த்துப் பேசினால் சிலர் கோபப்படலாம். இரண்டும் ஒன்றில்லை, மாஞ்சோலையில் கூலி உண்டு, சங்கம் உண்டு, சட்டம் உண்டு. ஆனாலும் சுற்றிக்காட்டும் விஷயத்தில் ஒரே தவறு இரண்டு இடத்திலும் நடக்கும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது, காலம் 2028இல் முடிகிறது. நாலுமுக்கிலும் ஊத்திலும் காக்காச்சியிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் மலையை விட்டு இறங்கும் கட்டம் வந்துவிட்டது. நாளைக்கு அங்கே வனத்துறையோ வேறு யாரோ நாள்பயணம் நடத்தினால், குதிரைவெட்டி முனையும் துரை பங்களாவும் நிச்சயம் காட்டுவார்கள். லைன் வீடுகள் என்ன ஆகும்? ஒரு அறை, ஒரு அடுப்படி என்றிருந்த அந்த வரிசை, பங்களாவைவிடச் சீக்கிரம் இடிந்துபோகும். ஓட்டைப் பிரித்தால் இரண்டு மழையில் மண்சுவர் கரைந்துவிடும். ஊத்து, நாலுமுக்கு மழை சாதாரண மழை இல்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த பெரட்டுக்களம், கொழுந்து நிறுத்த இடம், கைக்குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைமடுவம், இவற்றில் ஒரே ஒரு வரிசையையாவது கூரையோடு நிறுத்தி, அங்கே வேலை பார்த்தவர்களையே வழிகாட்டிகளாக வைக்க வேண்டும். 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டு ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் இறந்ததையும் அந்தச் சுற்றில் சொல்ல வேண்டும். மெக்லியோடில் குடில் வரிசையை நடுப்பொருளாக வைத்ததால் கூட்டம் குறைந்துவிடவில்லை.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் லூசியானா எழுதப்போவதாக அறிவிப்பு இருந்தது. அங்கே அடிமைகளை வைத்து நடத்திய ஆற்றோரப் பண்ணைகளில் முக்கியப் பயிர் நெல் இல்லை, கரும்பு. நியூ ஆர்லியன்சிலிருந்து ஒரு மணி நேரத்தில் மிசிசிப்பி ஆற்றோரம் விட்னி பிளான்டேஷன். அடிமைகளின் பக்கத்திலிருந்தே முழுச் சுற்றும் சொல்லப்படும் இடம், 2014 டிசம்பரில் திறந்தது. அந்த வட்டாரத்தில் சிறு வயதிலேயே இறந்த 2,200 அடிமைக் குழந்தைகளுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் நாளைச் சரிபார்த்துப் போக வேண்டும். அதே சாலையில் ஓக் ஆலி மாளிகை: 28 மரம், 28 தூண், எல்லாப் படங்களிலும் வருவது. புல்வெளிகளில் பெரிய இரும்புக் கொப்பரைகளைப் பூத்தொட்டியாகவோ அல்லிக் குட்டையாகவோ வைத்திருப்பதைப் பார்க்கலாம். அவை கரும்புச்சாறு காய்ச்சியவை. பெரிய கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து சின்னதற்கு என்று கொதிக்கக் கொதிக்க அகப்பையால் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பதம் தப்பினால் பாகு கருகும். கருப்பட்டி காய்ச்சும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். ஆலையாடும் மூன்று மாதமும் இரவு பகல் நிற்காது. உறக்கச் சடைவில் கரும்போடு கையும் உருளைக்குள் போய்விடும். அப்படிப் போனால் வெட்டிவிட உருளைப் பக்கத்தில் கோடாரி வைத்திருந்த ஆலைகளும் உண்டு என்பார்கள்.

அந்தக் கொப்பரைப் படம் வந்தால் 'அலங்காரத் தொட்டி' என்று போட்டுவிடாதீர்கள். குடில் படத்துக்கு 'அடிமைகள் குடியிருப்பு' என்று இந்த வாரமே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
கல்லிடைக்குறிச்சி